வேலாயி ஜீங்கா

வேலாயி: ...முதுகுல பிடி ஷீலா. கொடுக்குப் பக்கம் கையக் கொண்டு போகாத. கவ்வுனா விடாது.

ஷீலா: லேப்புல கிளவுஸ் போட்டுத்தான் அண்ணி தொடுவோம்.

வேலாயி: இது லேப் இல்ல, ஒன் அண்ணன் வெட்டுன குளம். அந்தப் பக்கெட்டு நெறஞ்சிருச்சு பாரு, மூடியப் போட்டுக் கல்லை வெய்யி. இல்லாட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வெளிய வந்துரும்.

ஷீலா: வெச்சிட்டேன். இன்னும் எவ்வளவு இருக்கும் உள்ள?

வேலாயி: தண்ணி முழங்காலுக்கு எறங்கிருச்சு. மேல ஓடுற கொடுக்கெறா கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கரையில பொந்து போட்டு உள்ள கெடக்கு. அதுக்குத்தான் பதினோரு மணிக்கு லாரியில சுண்ணாம்பு வருது. கரையோட சேத்து அவிச்சிருவாங்களாம். அதுக்குள்ள கைக்கு ஆப்புடுறத எல்லாம் பிடிச்சு வெக்கச் சொன்னாங்க.

ஷீலா: சுண்ணாம்பு போட்டா அப்புறம் குளம்...

வேலாயி: அப்புறம் என்னா குளம். மூணு வருஷத்துக்கு எதையும் வளக்கக் கூடாதுன்னு அந்த ஆபீஸர் சாப் சொல்லிட்டாரு. நஷ்ட ஈடு ஏதாச்சும் உண்டான்னு கேட்டேன். நெலம் ஒன் பேர்லயா இருக்குன்னு திருப்பிக் கேட்டாரு. பட்டா இல்லாத எடத்துல குந்தியிருக்கிறவளுக்கு என்னா நஷ்டம், என்னா ஈடு.

ஷீலா: மொகத்துக்கு நேரா அப்படியா கேட்டாரு?

வேலாயி: இந்தியிலதான் கேட்டாரு. இந்தியில கேக்கறப்ப கொஞ்சம் மரியாதையாத்தான் இருந்துச்சு... அத விடு. நீ என்னா, லீவா?

ஷீலா: அரை நாள்.

வேலாயி: அரை நாள் லீவு போட்டு, டெய்ரி ஃபார்ம் ஏரியாவுலேருந்து பஸ் மாறி, சேத்துல எறங்கி எனக்கு ஒத்தாசை பண்ண வந்திருக்க. ஒன் அண்ணன் உசிரோட இருந்தப்பகூட நீ இந்தச் சேத்துல கால் வெச்சதில்ல. ஏதோ சொல்ல வந்திருக்க. கரையில வெச்ச அந்த பிளாஸ்டிக் கவரையே திரும்பித் திரும்பிப் பாக்குற.

ஷீலா: கட்டுரை வந்திருச்சு அண்ணி.

வேலாயி: என்னா கட்டுரை?

ஷீலா: இந்தக் கொடுக்கெறாவப் பத்தி. எங்க லேப்புக்குப் புதுசா வந்திருக்கிற சார் எழுதுனது. இந்தத் தீவுல மொதத் தடவையா இதக் கண்டுபிடிச்சிருக்கோம்னு வெளிநாட்டுப் புத்தகத்துல போட்டிருக்காங்க. போன மழையில இங்க வந்து படமெல்லாம் எடுத்தாரே...

வேலாயி: அந்தக் கண்ணாடிக்காரரா? ஸ்கேல வெச்சு ஒவ்வொண்ணா அளந்தாரு. நான் டீ போட்டுக் குடுத்தேன். என்னா எழுதியிருக்காரு? கையக் கழுவிட்டுப் படி.

ஷீலா: முழுக்க இங்கிலீஷு. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. லேப்புல ஆராய்ச்சி படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இது நண்டும் இல்ல, எறாவும் இல்லையாம். ரெண்டுக்கும் ஒட்டுன சொந்தம். கிரேஃபிஷ்னு பேரு. அதுலயே நூத்துக்கணக்கான சாதி இருக்காம்.

வேலாயி: அதுலயுமா சாதி.

ஷீலா: அதுங்களுக்கு ஒடம்ப வெச்சுச் சாதி பிரிக்கிறாங்க அண்ணி. மொதல்ல இத ஃப்ளோரிடான்னு ஒரு ஊர்ல இருக்கிற வேற ஒண்ணோட சேத்துதான் வெச்சிருந்தாங்களாம். அப்புறம் பாத்தா இதுல ஆம்பளையே கெடயாது. எல்லாமே பொம்பள. தானா முட்டை வெச்சு, தானா குஞ்சு பொரிச்சு, அத்தனையும் தாயோட அச்சு. அதனால இது தனிச் சாதின்னு ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடிதான் தனிப் பேரு வெச்சிருக்காங்க. கன்னின்னு அர்த்தம் வர்ற பேரு.

வேலாயி: ஆம்பளையே இல்லாத சாதி. குடுத்து வெச்சதுங்க... சிரிக்காத. ஒன் அண்ணன் மேல நான் கொறை சொல்லல. பாராடாங் ரோட்டு வேலைக்குப் போகாதீங்கன்னு நான் சொல்ல, லாரி கவுந்து அவரு போக, அதுக்கப்புறம் நானும் இதுங்க மாதிரித்தானே தனியாக் கெடந்தேன். நீ மேல படி.

ஷீலா: எந்த எடத்துல இருக்கும்னு எழுதியிருக்கு. ஓடாத தண்ணி, சேத்துக் குளம், வாய்க்கா. கரையில பொந்து பறிக்கும். தண்ணி வத்துனா பொந்துக்குள்ள போயிரும், மழை பேஞ்சா வெளிய வந்து புல்லு மேல நடந்தே அடுத்த குளத்துக்குப் போயிரும்.

வேலாயி: இத எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. வேற?

ஷீலா: பூர்வீகம்னு ஒரு எடம் இருக்கு. அதுல... இதுக்குப் பூர்வீகமே தெரியலன்னு எழுதியிருக்கு.

வேலாயி: அப்படின்னா?

ஷீலா: எந்த ஆத்துலயும் எந்தக் காட்டுலயும் இது தானா இருந்தத யாரும் பாத்ததில்லையாம். ஜெர்மனியில கண்ணாடித் தொட்டியில வளத்தப்பதான் மொதல்ல கண்ணுல பட்டுதாம். அதுக்கு முன்னாடி எங்கேன்னு தெரியாது.

வேலாயி: அதயும் ஒரு ஆளா மதிச்சுப் பூர்வீகம் கேட்டிருக்காங்களா. பட்டாவுக்கு எழுதிக் குடுக்கப் போனப்ப எங்கிட்டயும் கேட்டாங்க. எங்கப்பா சிலோன்ல தேயிலைத் தோட்டம்னேன். அது ஃபாரின்னாங்க. நான் பொறந்தது கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து லைனுன்னேன். அந்த லைன்தான் சுனாமியில போயிருச்சே, அத எப்படி எழுதுறதுன்னாங்க. தாத்தாவோட ஊரு தமிழ்நாட்டுல எதுன்னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும். கடைசியில ஒரு கோட்டப் போட்டு வெச்சாங்க அந்தக் கட்டத்துல.

ஷீலா: எனக்கும் கோடுதான் அண்ணி.

வேலாயி: சரி, இங்க எங்க இருக்குன்னு போட்டிருக்கா?

ஷீலா: போட்டிருக்கு. படம் இருக்கு பாருங்க. இது புரோத்ராபூர் ரோடு, இது நம்ம ஓடை, அந்த நாலா. நாலாவ ஒட்டி ரெண்டு கிலோமீட்டருக்குப் புள்ளி புள்ளியா இருக்கே, அங்கெல்லாம் பிடிச்சிருக்காங்க. மேல இருக்கிற பெரிய புள்ளி...

வேலாயி: நம்ம குளமா.

ஷீலா: ஆமா. இங்கேருந்துதான் போச்சுன்னு எழுதியிருக்கு.

வேலாயி: பேரு போட்டிருக்காங்களா? வேலாயி குளம்னு?

ஷீலா: குளத்துக்குப் பேரு இல்ல. ஆனா... ஊருல இத என்னா சொல்லிக் கூப்புடுறாங்கன்னு ஒரு வரி இருக்கு. அதுல எழுதிட்டாரு. எறாவுக்கு இந்தியில சொல்ற பேரோட ஒங்க பேரச் சேத்து, வேலாயி ஜீங்கான்னு.

வேலாயி: இரு. அந்த மூலையில ஒண்ணு ஓடுது, அதப் பிடிச்சுக்கிறேன்... ஏன்டி, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் படிப்பாங்களா அத?

ஷீலா: இந்த மாதிரி ஆராய்ச்சி பண்றவங்க படிப்பாங்க.

வேலாயி: நல்லாருக்கு. ஒன் அண்ணன் போட்டோவுக்கு மாலை வாங்கப் போனா, மார்க்கெட்டுல அந்த மண்டல் வீட்டுப் பெங்காலிக்காரம்மா என்னையக் காட்டி மருமககிட்ட சொல்லுது, இவதான் அந்த ஜீங்காக்காரின்னு. பஸ்ல ஸ்கூல் பிள்ளைங்க சொல்லுதுங்க. இனிமே வெளிநாட்டுலயும் சொல்லட்டும்.

ஷீலா: சாருக்கு நம்ம கதையெல்லாம் தெரியாது. ஊருல யாருகிட்டயோ கேட்டு எழுதியிருப்பாரு.

வேலாயி: நம்ம கதைதான் ஒனக்கே முழுசாத் தெரியாதே. நீ அப்பப்ப வர்றது, கார்த்திகாவுக்கு பீஸு கட்டுறது, போறது. இங்க இருந்து பட்டவ நான். மொத வருஷம் என்னா ஆச்சு தெரியுமா? ஒன் அண்ணன் செத்து ரெண்டாம் மாசம், அவரு விட்டிருந்த ஜீங்காக் குஞ்சு மொத்தமும் செத்து மெதந்துச்சு. தவிடு போடக்கூட மனசில்லாம படுத்துக் கெடந்தேன்ல, அதான். குளம் வெறுங்குளம். அப்புறம் தீவாளி சமயத்துல பாக்குறேன், தண்ணியில விரல் நீளத்துக்கு ஓடுது. பளிங்குக்கல்லு மாதிரி மேலெல்லாம் கோடு கோடா. ரெண்டு கொடுக்கு. கொடுக்கெறான்னு நானே பேரு வெச்சேன். பொங்கலுக்குள்ள குளம் கொள்ளல.

ஷீலா: அப்ப எனக்கு போன் பண்ணிச் சொன்னீங்க. சந்தோஷமாச் சொன்னீங்க.

வேலாயி: சந்தோஷம்தான். புதுசா ஜீங்கா வந்திருக்கு, ருசியா இருக்குன்னு ரோட்டோரம் கூறு கட்டி வித்தேன். மலையாளத்துக்காரங்க, பெங்காலிக்காரங்க, எல்லாரும் வாங்குனாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க, தெரியாது, சாமி குடுத்துச்சுன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. கார்த்திகா பிளஸ் டூ முடிச்சா. கோயமுத்தூருக்கு நர்சிங் படிக்க அனுப்புனோம்.

ஷீலா: கப்பல்ல ஏத்தி விட நானும் வந்தேனே.

வேலாயி: வந்த. அவ கப்பல் ஏறி அடுத்த வாரம் மழை. அப்படி ஒரு மழை. கரை முழுக்கப் பொந்தா இருக்குறது எனக்குத் தெரியாது. காலையில எந்திரிச்சுப் பாத்தா கரை உள்வாங்கி ஒடஞ்சு, குளமே நாலாவுல ஓடுது. கொடுக்கெறா புல்லு மேல நடந்து போகுது, ஆயிரக்கணக்குல. மண்டல் வீட்டுக் குளத்துக்குள்ள போச்சு. அதுக்குக் கீழ இருந்த நாலு குளத்துக்குள்ள போச்சு. அவங்க விட்டிருந்த மீன்குஞ்சையெல்லாம் தின்னுருச்சு. கீரைப் பாத்தியக்கூட விடல. அடுத்த மழைக்கு அவங்க கரையும் ஒடஞ்சுது. அந்த வருஷத்துலதான் பேரு வெச்சாங்க, வேலாயி ஜீங்கான்னு. எங்கிட்ட யாரும் எதுவும் வாங்குறதில்ல. எங்க மகளிர் குழுவுல என் பேர எடுத்துட்டாங்க. கொழாயடியில நான் கொடத்த வெச்சா தள்ளி வைக்கிறாங்க.

ஷீலா: எனக்குத் தெரியும் அண்ணி. நான்... தெரியும்.

வேலாயி: அப்புறம் கோயில்ல பஞ்சாயம். அதுக்கு நீ வந்திருந்த. என் பக்கத்துலதான் நின்ன.

ஷீலா: நின்னேன்.

வேலாயி: ஆசைப்பட்டு மெயின்லேண்டிலேருந்து பார்சல்ல வரவழச்சு விட்டுட்டேன்னாங்க. நான் வரவழைக்கல, என் கையால விடலன்னு முருகன் முன்னாடி கற்பூரம் அணைச்சேன். கை சுட்டுச்சு. நீதான் அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மருந்து போட்ட.

ஷீலா: போதும் அண்ணி, அத நெனச்சா எனக்கு...

வேலாயி: கற்பூரம் அணைச்சப்புறம் கேட்டாங்க, நீ விடலன்னா வேற யாரு விட்டதுன்னு. நான் சொன்னேன். ஜங்ஷன்ல அலங்கார மீன் விக்கிற நந்தகுமாரு நம்ம குளத்துக்குப் பாசி அள்ள வருவான், ஒரு நாள் கவர்லேருந்து எதையோ தண்ணியில ஊத்துனதப் பாத்தேன்னு.

ஷீலா: அன்னிக்கு ராத்திரியே கடைய ஒடச்சிட்டாங்க.

வேலாயி: ராத்திரி இல்ல, சாயங்காலம். வெளிச்சத்துலயே. நீ மருந்து போட்டுட்டு பஸ்ஸுக்குப் போனப்புறம் நான் அந்த வழியாத்தான் போனேன். ஜங்ஷன்ல அவன் வெச்சிருந்தது சின்னக் கடைதானே. கப்பி, கோல்ட்ஃபிஷ், சண்டை போடுமே அந்தச் செவப்பு மீனு. பதினாறு கண்ணாடித் தொட்டி. ஒவ்வொண்ணா ரோட்டுல போட்டு ஒடச்சாங்க. அவன் தடுக்கல. ரோட்டுல துடிச்ச மீனப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு சொம்புல போட்டுக்கிட்டிருந்தான். என்னையப் பாத்தான். அக்கா, நான் பாசி மட்டுந்தானேக்கா அள்ளுவேன்னு கேட்டான். கோவமாக்கூட கேக்கல.

ஷீலா: நீங்க என்னா சொன்னீங்க?

வேலாயி: தலையக் குனிஞ்சு வந்துட்டேன். அடுத்த கப்பல்ல அவன் போயிட்டான். திருப்பூர்ல சாயப்பட்டறையில இருக்கான்னு சொல்றாங்க. கையெல்லாம் வெந்து போச்சாம். ஊருக்குக் கூப்புட்டா வர மாட்டேங்கிறானாம்.

ஷீலா: ரெங்கம்மா எப்படி இருக்காங்க?

வேலாயி: அவன் அம்மாவுக்கு என்னா. கால் வீங்கிக் கெடக்குது. தனியா ஒலை வெச்சுக் குடிக்குது. கொழாயடியில எனக்கு எடம் விடுற ஒரே ஆளு அதுதான். போன வாரம் இங்க வந்துச்சு.

ஷீலா: இங்கயா? எதுக்கு?

வேலாயி: இந்தா, இதே எடத்துலதான் நின்னுச்சு. கம்பு ஊனிக்கிட்டு. வேலாயி, எம் மவன் பண்ணலன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா பெத்தவளுக்கு அப்படித்தானே தோணும்னு சொல்லுச்சு. நீ கண்ணால பாத்தேன்னு எம் மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடு. சொன்னா நான் அவனத் திட்டி, அடிச்சு, ஊரு கால்ல விழ வெச்சாவது கூட்டிட்டு வந்துருவேன். நம்பவும் முடியாம, நம்பாம இருக்கவும் முடியாமக் கெடக்குறதுதான் தாங்கலன்னுச்சு.

ஷீலா: நீங்க...

வேலாயி: பாத்தேன்னு சொன்னேன்.

ஷீலா: மொகத்தப் பாத்தா?

வேலாயி: மொகத்தப் பாத்துதான். அது சரிம்மான்னு சொல்லிட்டுத் திரும்பிப் போச்சு. கரை வழுக்குது, கையப் பிடிச்சு விடவான்னு கேட்டேன். வேணாம்னுருச்சு.

ஷீலா: அண்ணி, பக்கெட்டக் கீழ வைங்க. நான் வந்தது அதுக்குத்தான்.

வேலாயி: எதுக்கு?

ஷீலா: அந்தக் கட்டுரையில கடைசிப் பக்கத்துல, இது எப்படி வந்திருக்கும்னு எழுதியிருக்கு. இந்த ஊருல அலங்கார மீன் வித்த ஒரு வியாபாரி விட்டிருக்கலாம், குளத்துக்காரங்க பாத்திருக்காங்கன்னு. அத வெச்சு நந்தகுமார் மேல கேஸ் குடுக்கப் போறாங்க. இன்னிக்குச் சுண்ணாம்பு போட வர்ற ஆபீஸர் கையில ஒரு பேப்பர் கொண்டு வருவாரு. நீங்க பாத்தீங்கன்னு வாக்குமூலம். அதுல ஒங்க கையெழுத்து இருந்தாத்தான் கேஸ் நிக்கும். இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. திருப்பூருக்குப் போலீஸ் போகும் அண்ணி.

வேலாயி: போகட்டும்.

ஷீலா: கையெழுத்துப் போடாதீங்க.

வேலாயி: ஏன்? ஊருக்கு முன்னாடி சொன்னதத்தானே பேப்பர்ல எழுதியிருப்பாங்க. இப்ப இல்லன்னா, அன்னிக்குப் பொய்யான்னு கேக்க மாட்டாங்களா?

ஷீலா: தூரத்துலேருந்து பாத்தேன், சரியாத் தெரியலன்னு சொல்லிடுங்க. வயசாயிருச்சு, கண்ணு மங்கல்னு சொல்லுங்க.

வேலாயி: எனக்கு என்னாடி வயசு, நாப்பத்தாறு.

ஷீலா: அண்ணி, வெளையாடாதீங்க.

வேலாயி: நான் வெளையாடல. நீதான் சுத்தி வளைக்கிற. அந்தப் பையன் ஒனக்கு என்னா, சொந்தமா பந்தமா? அவனுக்காக அரை நாள் லீவு போட்டு வந்து எங்கிட்ட கெஞ்சுற.

ஷீலா: அவன் விடல.

வேலாயி: ஒனக்கு எப்படித் தெரியும்?

ஷீலா: எங்க லேப்புல இதுக்கு முன்னாடி ஒரு மேடம் இருந்தாங்க அண்ணி. அவங்க மெயின்லேண்டிலேருந்து பெர்மிஷன் வாங்கி, ஆராய்ச்சிக்காக இதுல ஏழு கொண்டு வந்து தொட்டியில வெச்சிருந்தாங்க. பூட்டுன ரூமு. தண்ணி மாத்துறது, தீனி போடுறது எல்லாம் நான்தான். அவங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துச்சு. போறதுக்கு முன்னாடி ஏழையும் ஃப்ரீசர்ல வெச்சுக் கொன்னுட்டு ரிஜிஸ்டர்ல எழுதிடு ஷீலான்னாங்க. ஒண்ணு தப்புனாக்கூட ஒரு குளமே நெறஞ்சு போயிரும், அப்படிப்பட்டதுன்னாங்க.

வேலாயி: ம்.

ஷீலா: ஆறு வெச்சேன். ஏழாவதத் தூக்குறேன், வாலுக்கு அடியில கொத்துக் கொத்தா முட்டை. கறுப்பா, மொளகு மாதிரி. அப்ப அண்ணன் செத்து மூணு மாசம். அதுக்கு முந்துன நாள்தான் நான் இங்க வந்துட்டுப் போயிருந்தேன். ஜீங்கா எல்லாம் செத்துப் போச்சு, குளம் வெறுங்குளமாக் கெடக்கு, கார்த்திகா படிப்ப நிறுத்திரப் போறேன்னு நீங்க அழுதீங்க. ஒரு குளமே நெறஞ்சு போயிரும்னு மேடம் பயந்து சொன்னாங்க. என் காதுல அது வேற மாதிரி விழுந்துச்சு அண்ணி. குளம் நெறஞ்சா நல்லதுதானேன்னு... ரிஜிஸ்டர்ல ஏழுன்னு எழுதிட்டு, டிபன் பாக்ஸுல ஈரத்துணி சுத்தி எடுத்துட்டு வந்தேன். நீங்க வீட்டுல இல்ல. நேரா குளத்துக்கு வந்து விட்டுட்டேன். ஒண்ணுதான் அண்ணி. ஒண்ணே ஒண்ணு. இத்தனையும் அதோட பிள்ளைங்க. நீங்க கற்பூரம் அணைச்சப்ப பக்கத்துல நின்னேன். வாய் தொறக்கணும்னு நெனச்சேன். டெய்லி கூலிக்கு இருக்குறவ, தெரிஞ்சா அன்னிக்கே வெளிய அனுப்பிருவாங்கன்னு பயம். நீங்க நந்தகுமார் பேரச் சொன்னதும்... எனக்கு மூச்சு வந்துச்சு அண்ணி. நெசமாத்தான் சொல்றேன். அவனும் ஏதோ ஊத்தியிருப்பான் போல, அண்ணிதான் பாத்திருக்காங்களேன்னு என்னையே நான் நம்ப வெச்சுக்கிட்டேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் தூங்குறேன்.

வேலாயி: இப்ப என்னாத்துக்குச் சொல்ற?

ஷீலா: அடுத்த மாசம் என்னைய பெர்மனென்ட் பண்றாங்க. ஆர்டர் ரெடியாயிருச்சாம். நேத்து சொன்னாங்க. அதே மேசையில இந்தக் கட்டுரையும் கெடந்துச்சு. என்னால முடியல. ஆபீஸர் வரட்டும், நானே சொல்றேன். வேலை போனாப் போகட்டும். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க. தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.

வேலாயி: நான் தப்பாப் பாக்கலடி.

ஷீலா: அவன் பாசிதான் அண்ணி அள்ளியிருப்பான். கவர்லேருந்து தண்ணி வடிச்சிருப்பான்...

வேலாயி: அவன் எதையும் ஊத்தல. நான் பாத்தது அவன இல்ல. அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். கூப்புட்டா யாருக்கும் பதில் சொல்லப் புடிக்காம வாழைக்குப் பின்னால குந்தியிருந்தேன். நீ வந்த. டிபன் பாக்ஸத் தொறந்து, ரெண்டு கையாலயும் ஏந்தி, கொழந்தையக் குளிப்பாட்டுற மாதிரித் தண்ணிக்குள்ள விட்ட. விட்டுட்டுக் கையெடுத்துக் கும்புட்ட.

ஷீலா: அண்ணி...

வேலாயி: எனக்காகத்தான் கும்புடுறன்னு தெரிஞ்சுது. அதனால கூப்புடல.

ஷீலா: அப்ப கற்பூரம்...

வேலாயி: என் கையால விடலன்னுதானே அணைச்சேன். அது பொய் இல்லையே.

ஷீலா: ரெங்கம்மாகிட்ட பாத்தேன்னு சொன்னது?

வேலாயி: அது பொய்தான்.

ஷீலா: இன்னும் நேரம் இருக்கு. ஆபீஸர் வர ஒரு மணி நேரம் ஆகும். ரெண்டு பேரும் சேந்து சொல்லிரலாம். அந்தப் பேப்பர்ல நீங்க கையெழுத்து...

வேலாயி: அது நேத்தே போட்டாச்சு ஷீலா. நேத்து மத்தியானமே ஜீப்புல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்தியில படிச்சுக் காட்டுனாங்க, போட்டுக் குடுத்தேன். சுண்ணாம்பு மட்டுந்தான் பாக்கி.

ஷீலா: எல்லாம் தெரிஞ்சுகிட்டேயா? நான்தான்னு தெரிஞ்சுகிட்டேயா அந்தப் பையன் பேரச் சொன்னீங்க? ஏன் அண்ணி?

வேலாயி: ஒன் பேரச் சொன்னா ஒனக்கு வேலை போயிரும், கார்த்திகா பாதியில திரும்பி வந்துருவா, எனக்குன்னு வந்து நிக்கிற ஒரே ஆளும் இல்லாமப் போயிரும். கோயில்ல அத்தனை பேரு நடுவுல நிக்க வெச்சு யாருன்னு கேட்டப்ப, யாரு பேரச் சொன்னா அழுறதுக்கு ஆளு கொறச்சல்னு யோசிச்சேன். அவனுக்கு ஒரு அம்மா மட்டுந்தானேன்னு தோணுச்சு.